ஆறு சில்லு மாப்பிள்ளைக்குப் போட்ட மணல்

2024 ஓகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல விடியுமுன் எழுந்தேன். கிணற்றடியில் முகம் கழுவி, சாமியறையில் விளக்கேற்றி, குசினியில் கேத்திலை வைத்தேன். பால் விடாத தேநீர் ஒரு கோப்பை, கடித்துக்கொள்ளப் பனங்கட்டி ஒரு துண்டு. வானொலிச் செய்தி முடிந்ததும் நாய்க்கு முதல்நாள் சோறு வைத்தேன். மற்ற நாட்களில் இதற்குப் பிறகு சேலை உடுத்து, பஸ்ஸுக்குப் போய் நிற்பேன். அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கொடுக்கும் பகுதியில் எனக்கு வேலை. அன்று லீவு எடுத்திருந்தேன். ஆகவே பழைய உடுப்போடு தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு முற்றத்து மணலை நனைத்தேன். நனைத்த இடமெல்லாம் காலால் மிதித்தேன். அப்படிச் செய்யத் தொடங்கி அது நான்காவது நாள்.

அன்று பின்நேரம் தம்பி வருவதாக இருந்தது. வந்து இந்த முற்றத்தில் இரண்டு இரவு நிற்பதாக இருந்தது.

எனக்கு அவன் ஒரே தம்பி. பத்தொன்பது வயதில் கனடா போனவன். அதன்பின் மூன்று முறை வந்திருக்கிறான். மூன்று முறையும் யாழ்ப்பாணத்தில் அறை எடுத்துத் தங்கி, காலையில் வான் வண்டியில் தீவில் இருக்கும் எங்கள் ஊர் கரம்பொன்னுக்கு வந்து, மத்தியானம் சாப்பிட்டு, பொழுது சாயுமுன் பண்ணைப் பாலத்தைத் தாண்டித் திரும்பிவிட்டான். பிள்ளைகள் சின்னவர்கள், நுளம்புக்கடி கூடுதல், கழிப்பறை கிணற்றுக்கு அப்பால். காரணங்கள் எல்லாம் நியாயமானவை; நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அவன் நித்திரையால் எழும்பிய முகத்தை அவன் போன நாளிலிருந்து நான் பார்க்கவில்லை.

இது சின்ன விஷயம்தான். எழுதவும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அவன் எழும்புவது ஒரு நீண்ட காரியம். பாயில் எழுந்து உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடியபடி, தலைமயிர் ஒரு பக்கம் மட்டும் குத்தி நிற்க, சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி முதலில் மணந்து பார்ப்பான். பாதி குடிக்கும்வரை யாரோடும் பேசமாட்டான். அந்தக் கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் போய், வீட்டில் நான் ஒருத்தியான பிறகு, காலையில் தேயிலையைப் போடும்போது கை தானாக இரண்டாவது கரண்டிக்குப் போய் நிற்கும். பிறகு அதை டப்பாவில் திருப்பிப் போடுவேன். இன்னொரு முறை அந்தக் கோப்பையைக் கொடுக்கவேண்டும் என்பதைத் தவிர இந்த வருகையிலிருந்து நான் வேறொன்றும் கேட்கவில்லை.

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்; இம்முறை அவனும் மனைவியும் மட்டும்தான். அவன் இங்கே நிற்கச் சம்மதித்ததற்குக் காரணம் ஒரு வண்டி. கனடாவில் அவனிடம் ஒரு கரவன் இருந்தது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் ஓடும் வீடு. கோடையில் அதைக் கொண்டுபோய் ஏதாவதொரு ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு எனக்கு வீடியோவில் கூப்பிடுவான். உள்ளே இருக்கும் மேசையில் ஒரு கிளாஸில் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி வைத்து, போனை அதற்குக் கிட்டப் பிடித்து, பாருங்கோ அக்கா, தண்ணி ஒரு பக்கமும் சரிஞ்சு நிக்கேல்லை என்பான். வண்டியை எவ்வளவு மட்டமாக நிறுத்தியிருக்கிறான் என்பதற்கு அதுதான் அவனுடைய அத்தாட்சி. நானும் ஒவ்வொரு முறையும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, ஓம், மட்டம் என்று சொல்லுவேன்.

மட்டம் என்பது பிறகு விளையாட்டாக இருக்கவில்லை. அவன் மனைவிக்குக் காதில் ஒரு ஒப்பரேஷன் நடந்தது. அதன்பின் உடம்பின் சமநிலை போய்விட்டது. படுக்கும் இடம் கொஞ்சம் சரிந்திருந்தாலும் அவளுக்கு வீடே சுற்றும். தலைப்பக்கம் உயரும் கட்டில் வேண்டும். இரவில் நாலைந்து முறை எழும்பவேண்டும். கழிப்பறைக்குப் போகும் வழியெல்லாம் பிடித்து நடக்கக் கம்பி வேண்டும். எங்கள் வீட்டிலோ மூன்று படி இறங்கி, முற்றத்தைக் கடந்து, கிணற்றைச் சுற்றிப் போகவேண்டும். வீட்டில் படுக்கலாமே என்று நான் கேட்கத் தொடங்கி, இதை நினைத்து நிறுத்திவிட்டேன். அவளைத் தனியே விட்டுத் தம்பியும் எங்கேயும் படுக்கமாட்டான்.

அப்போதுதான் கொழும்புப் பக்கத்தில் ஒருவர் பழைய சுற்றுலா பஸ்ஸை இப்படி வீடாக மாற்றி வாடகைக்கு விடுவதாகத் தம்பி கண்டுபிடித்தான். வண்டிக்கு அடியில் நான்கு மூலையிலும் நான்கு இரும்புக் கால்கள். பொத்தானை அழுத்தினால் எண்ணெய் அழுத்தத்தில் அவை நீண்டு நிலத்தில் ஊன்றி, வண்டியைத் தேவையான அளவு தூக்கி மட்டமாக்கும். அந்தக் கால்களை இயக்கும் முறையை விளக்கும் தாள்களைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான். உங்களுக்குத்தானே உதெல்லாம் வாசிக்க விருப்பம் என்று கீழே எழுதியிருந்தான்.

அது உண்மை. மருந்துப் போத்தலோடு வரும் தாளை வாசிக்காமல் நான் ஒரு மருந்தையும் தட்டில் அடுக்கியதில்லை. ஆகவே இதையும் மூன்று இரவு இருந்து வாசித்து, தமிழில் எனக்கு விளங்கும் விதமாக மனத்தில் ஒழுங்கு செய்துகொண்டேன். ஹான்ட் பிரேக் போட்ட பிறகே கால்களைத் தொடவேண்டும். கால்களைச் சோடி சோடியாக, முன்சோடியை முதலில் இறக்கவேண்டும். ஒரு காலை மட்டும் தனியே தூக்கினால் வண்டியின் சட்டகம் முறுகி முன்கண்ணாடி வெடிக்கலாம். சில்லுகள் நிலத்தைவிட்டு எழும்பக்கூடாது; பின்சில்லுகள் எழும்பவே கூடாது, ஏனென்றால் ஹான்ட் பிரேக் பிடிப்பது அவற்றை மட்டும்தான். அவை அந்தரத்தில் நின்றால் வண்டியைப் பிடித்து வைத்திருக்க எதுவும் இல்லை. கால் இறங்கும்போதும் ஏறும்போதும் அருகில் ஆள் நிற்கக்கூடாது. கால்களை நம்பி வண்டிக்குக் கீழே போகக்கூடாது. எண்ணெய் கசிகிறதா என்று கையால் தடவிப் பார்க்கவும் கூடாது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்துவிடும். இவற்றுக்கெல்லாம் முதலில், தடித்த எழுத்தில், வண்டியை உறுதியான, மட்டமான நிலத்தில் நிறுத்தவும் என்றிருந்தது.

எங்கள் முற்றம் மட்டமில்லை. வீட்டிலிருந்து மேற்கு வேலி மூலைப் பக்கம் சரிகிறது. மேசன் ஒருவரிடம் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடிக்கும் குழாயை இரவல் வாங்கி அளந்தேன். வேலியடியில் முழங்காலளவு பள்ளம். கால்கள் நீண்டு அந்த வித்தியாசத்தைச் சரிசெய்யும் என்று தம்பி சொன்னான்தான். நான் திருப்திப்படவில்லை. கால்களுக்கு ஏன் அவ்வளவு வேலை வைக்கவேண்டும்? நிலத்தையே மட்டமாக்கிவிட்டால் அவள் இன்னும் நிம்மதியாகப் படுப்பாளே.

அதோடு இன்னொரு யோசனையும் இருந்தது. எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் நடக்கும் வீட்டு முற்றத்துக்குப் புது மணல் போடுவார்கள். கலியாணத்துக்கும் பெண்பிள்ளைகளின் சாமத்திய வீட்டுக்கும் போடுவார்கள். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து தங்குவதென்றாலும் போடுவார்கள். விடிய எழும்பிப் பார்த்தால் அந்த வெள்ளை மணலில் வந்தவர்களின் கால் அடையாளம் இருக்கும். அதை உடனே கூட்டமாட்டார்கள். எங்கள் வீட்டு முற்றத்துக்கு அப்படி மணல் போட்டு எத்தனையோ வருஷம்.

ஆகவே அடுத்த வளவு அண்ணையிடம் சொன்னேன். அவர் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் பெட்டி பூட்டி மண்ணும் விறகும் ஏற்றுபவர், அறுபதைத் தாண்டியவர், என் சிறுவயதிலிருந்து என்னைச் சீண்டுவதை ஒரு உரிமையாக வைத்திருப்பவர். முதலாவது பெட்டி மணலைக் கொட்டிவிட்டு, எஞ்சினை நிறுத்தாமலே கேட்டார்.

“என்ன பிள்ளை, இனித்தான் கலியாணமோ?”

“ஓம் அண்ணை. மாப்பிள்ளைக்கு ஆறு சில்லு.”

“அப்ப சீதனம் கேட்டிருப்பினமே.”

“உந்த மணல்தான் சீதனம். குறையாமல் கொட்டுங்கோ.”

அவர் சிரித்துக்கொண்டு போய், குறையாமலே கொட்டினார். வேலிப் பக்கம் முழங்காலளவுக்கு நிரம்பியது. வீட்டுப் பக்கம் ஒரு சாண்கூட இல்லை. பலகையால் இழுத்து மட்டமாக்கினோம். மட்டக் குழாயைப் பிடித்துப் பார்த்தேன். இந்த முனையும் அந்த முனையும் ஒரே கோட்டில் நின்றன. நாலு நாள் தண்ணீர் விட்டு மிதித்த பிறகு மேல்மணல் பாதம் பதியாமல் இறுகிக் கிடந்தது. நான் குதித்துக்கூடப் பார்த்தேன். உறுதி, மட்டம் இரண்டும் ஆயிற்று என்று நினைத்தேன். வாசல் படலை ஒடுக்கம் என்பதால் அண்ணை வேலிக் கதியால் ஒன்றைப் பிடுங்கி அகலமாக்கித் தந்தார். கால்களுக்கு அடியில் வைக்க நாலு தடித்த பனம்பலகைத் துண்டுகளையும் அறுத்து அடுக்கினேன்.

அவர்கள் வந்தபோது சோளகக் காற்று குறைந்து வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வேலிக்கு மேலால் முதலில் வண்டியின் வெள்ளைக் கூரைதான் தெரிந்தது. தம்பியே ஓட்டினான். நான் முன்னால் நின்று கையைக் காட்ட, வண்டி அசைந்து அசைந்து உள்ளே வந்து, வீட்டைப் பார்த்தபடி, இடப் பின்பக்கம் அந்த வேலி மூலைக்கு வர நின்றது. தம்பி இறங்கினான். தலையில் குத்தி நிற்க மயிர் இல்லை. அதை வீடியோவில் பார்த்திருந்தும் நேரில் பார்க்க வேறு மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்றான்.

“என்னக்கா, சாட்டிக் கடற்கரையைத் தூக்கிக்கொண்டு வந்து வைச்சிருக்கிறீங்கள்.”

“நடந்து பார். இறுக்கம்.”

அவன் மனைவி கதவுக் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். நான் போய் முழங்கையைப் பிடித்தேன். அவளுடைய ஆட்கள் தெற்கே கடை வைத்திருந்த நயினாதீவுக்காரர்; அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் தெற்கிலேதான். அடுத்தநாள் நயினாதீவுக்குப் படகு புறப்படும் குறிகட்டுவானுக்குப் போவதாக இருந்தார்கள். படகில் ஏற அவளுக்கு ஏலாது; இறங்குதுறையில் நின்று அக்கரை அம்மன் கோயிலைக் கும்பிட்டால் போதும் என்றாள். மாமரத்தடியில் கதிரை போட்டு இருத்தினேன். தேநீர் போடவா என்று கேட்டேன். முதலில் வண்டியை நிறுத்திவிடுவோம், பிறகு ஆறுதலாகக் குடிப்போம் என்றான் தம்பி.

அவன் உள்ளே பொத்தான்களுக்கு முன்னால் இருந்தான். நான் வெளியே, கால்களிலிருந்து தள்ளி, அவனுக்குத் தெரியும் இடத்தில் நின்றேன். ஹான்ட் பிரேக் போட்டாயா என்று கேட்டேன். போட்டேன் என்றான். பலகைகளை நான் முன்பே இடம் பார்த்து வைத்திருந்தேன். முன்கால்கள் இரண்டும் முனகிக்கொண்டு இறங்கிப் பலகையில் குந்தின. வண்டியின் மூக்கு மெல்ல எழும்பி நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஏதோ ஒரு பெரிய மிருகம் எங்கள் முற்றத்தில் படுக்க ஆயத்தம் பண்ணுவது போல.

பிறகு பின்கால்கள். வலப்பக்கத்தது பலகையைத் தொட்டு ஊன்றியது. வேலிப் பக்கத்தது இறங்கியது, இன்னும் இறங்கியது, பலகையைத் தொட்டது, பலகையோடு சேர்ந்து மணலுக்குள் போனது. மேலே இறுகியிருந்த நனைந்த மணல் ஓடு போல வெடித்து, உள்ளேயிருந்த காய்ந்த மணல் சுற்றிலும் பிதுங்கி வந்தது. என் தண்ணீர் அவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கவில்லை.

கொஞ்சம் பொறுங்கோ, பிடிக்கும் என்றான் தம்பி உள்ளேயிருந்து. கால் முனகுவது நின்றது. ஒரு நிமிஷம் எதுவும் அசையவில்லை. அவன் ஒரு கிளாஸில் தண்ணீர் நிரப்பி மேசையில் வைத்தான். நான் படியில் ஏறி எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் தண்ணீர் விளிம்பைத் தொட்டு நின்றது. மறுபக்கம் விரலளவு இடைவெளி. இது பெரிய சரிவில்லை என்று அவன் தனக்குச் சொல்வது போலச் சொன்னான். அவளைக் கூட்டிவந்து கட்டிலில் படுக்கவைத்தோம். கண்ணை மூடினாள். சற்று நேரத்தில் ஒரு கை சுவரைத் தேடியது.

“மச்சாள், கூரை சுத்துது” என்றாள்.

அவளை மறுபடி மாமரத்தடிக்குக் கொண்டுவந்தேன். உள்ளங்கை குளிர்ந்திருந்தது. எங்களுக்குத் தொந்தரவு கொடுக்கிறேன் என்று மன்னிப்புக் கேட்டாள். நீர் பேசாமல் இரும் என்று சொல்லிவிட்டு, முகம் துடைக்க ஈரத்துணி கொடுத்தேன்.

தம்பி பின்கால்களை மேலே எடுத்து, அவை முழுக்க ஏறும்வரை பொறுத்து, வேலிப் பக்கக் காலுக்குக் கீழே இன்னும் இரண்டு பலகை வைத்தான். மறுபடி இறக்கினான். பலகைகள் முதலில் தாங்கின. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு அவை ஒரு பக்கமாகச் சரிந்து அதே குழிக்குள் போயின. வேலிப்பக்கம் தாழத் தாழ, மறுபக்கம் மணல் குறைந்த இடத்தில் ஊன்றிய கால் வண்டியைத் தூக்கிக்கொண்டே போனது. நான் குனிந்து பார்த்தேன். வலப் பின்சில்லுகளுக்கும் மணலுக்கும் நடுவில் ஒரு கீற்று வெயில் தெரிந்தது.

நான் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன்.

அவன் இறங்கி வந்து அந்த வெயில் கீற்றைப் பார்த்தான். எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாததல்ல. பத்து வருஷமாக இதையே செய்தவன். ஆனால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அவன் ஒருநாளும் செய்திருக்கமாட்டான் என்று நான் நினைக்கும் ஒன்றைச் சொன்னான். வேலிப் பக்கக் காலை மட்டும் இன்னும் கொஞ்சம் இறக்கினால் எங்கேயாவது பிடிக்குமாம். தனிக்காலைத் தொடாதே, நீ அனுப்பிய தாளிலேயே இருக்கிறது என்றேன். அப்படியானால் இப்படியே இருக்கட்டும், சில்லுகளுக்குக் கல் அணை கொடுக்கலாம் என்றான். அவள் தலைக்குக் கீழே இன்னொரு தலையணை வைத்தால் சரியாகிவிடும் என்றான்.

“ஒரு ராத்திரிதானே அக்கா. நான் முழிச்சிருந்து பாக்கிறன்.”

அவன் குரலைக் கேட்டதும்தான் எனக்கு விளங்கியது, அவனும் இங்கே நிற்க எவ்வளவு விரும்பி வந்திருக்கிறான் என்று. அத்தனை முறையும் பொழுது சாயப் புறப்பட்டவன் இன்றைக்குப் புறப்பட மனமில்லாமல், செருப்பில்லாத காலோடு நிற்கிறான். ஓம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். விடிய ஒரு கோப்பையைக் கொண்டுபோய் அந்தக் கதவைத் தட்டலாம். ஆனால் மணல் இன்னும் மெல்ல உதிர்ந்துகொண்டிருந்தது, எங்கள் கண்முன்னாலேயே. அவள் இரவில் நாலைந்து முறை எழும்பி நடப்பாள். அவள் நடக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கால் இன்னும் கொஞ்சம் போகும்.

“நீ முழிச்சிருக்கிறதுக்கு நான் மணல் போடேல்லை” என்றேன். “வண்டியை இறக்கு, தம்பி.”

அவன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டான். பிறகு ஏறினான்.

இறக்குவதையும் ஒழுங்காகவே செய்தோம். நான் அவளைக் கதிரையோடு இன்னும் தள்ளி இருத்தினேன். பின்சோடி முதலில். சில்லுகள் மணலைத் தொட்டு, வண்டி ஒரு பெருமூச்சோடு சரிந்து குந்தியது. பிறகு முன்சோடி. நாலு காலும் ஏறிவிட்டதென்று உள்ளே விளக்கு அணைந்த பிறகும், நான் சுற்றி நடந்து, எட்ட நின்று குனிந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்று தொங்கிக்கொண்டிருக்க வண்டியை எடுத்தால் அது முறிந்துவிடும் என்பதும் அந்தத் தாள்களில் இருந்தது. குழிக்குள் கிடந்த பலகைகளைப் பிடுங்கி எடுத்தேன்.

அதற்குள் இடப் பின்சில்லுகள் அச்சுக்குக் கிட்டப் புதைந்திருந்தன. படலையடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அண்ணை, கேட்காமலே போய் நீளப் பனம்பலகை இரண்டு கொண்டுவந்து சில்லுகளுக்குக் கீழே செருகினார். வண்டி ஒரு உறுமலோடு வெளியே ஏறியது.

“மாப்பிள்ளைக்கு முற்றம் பிடிக்கேல்லைப் போலை, பிள்ளை” என்றார்.

மற்ற நேரமென்றால் நான் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். நான் பலகையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துவாயை உதறி, அது கல்லும் மண்ணும் தெரியாத மாப்பிள்ளை என்று தணிந்த குரலில் சொன்னார்.

சாட்டியில் கார்கள் விடுவதற்குக் கல் பரவிய இடம் ஒன்று இருக்கிறது. அங்கே நிறுத்துவதென்று தம்பி சொன்னான். இருட்டுமுன் போய்ச் சேரவேண்டும். செய்து வைத்திருந்த இடியப்பத்தையும் சொதியையும் சம்பலையும் ரிபன் கரியரில் அடுக்கிக் கொடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து, நீங்களும் வாங்கோ மச்சாள் என்றாள். உள்ளே இருப்பது இரண்டு பேருக்கான கட்டில். அவளுக்கும் அது தெரியும். நாய் தனியே நிற்கும் என்று சொன்னேன். தேநீர் குடிக்காமலே போகிறார்கள் என்பது வண்டி படலையைக் கடந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவர்கள் போனதும் முற்றத்தைப் பார்த்தேன். முன்னால் இரண்டு சதுரப் பள்ளம், ஒரு சாண்கூட ஆழமில்லை. வலப் பின்பக்கம் இன்னொன்று. இடப் பின்பக்கம், நாய் கிண்டியது போல ஒரு பெரிய குழி. இவற்றுக்கு நடுவில் சில்லுத் தடம். தம்பி வெறுங்காலோடு நின்ற இடத்தில் இரண்டு பாத அடையாளம். நான் அதைச் சுற்றிப் போனேன். மற்றபடி எல்லாம் முறையாக இருந்தது: மணல் வெள்ளையாக, விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே மட்டமாக. தேநீருக்கு எடுத்து வைத்த கோப்பைகளைக் கழுவாமலே திரும்ப அடுக்கினேன். கழுவ ஒன்றும் இருக்கவில்லை.

சாப்பிட்டு முடிந்த நேரத்தில் தம்பி கூப்பிட்டான். வீடியோ இல்லை, குரல் மட்டும். அங்கே நாலு காலும் முதல் தடவையிலேயே பிடித்ததாம். கிளாஸில் தண்ணீர் ஒரு பக்கமும் சரியவில்லையாம். அவள் சாப்பிட்டுவிட்டு நித்திரையாகிவிட்டாள். சம்பல் உறைப்பென்றாலும் விடவில்லையாம். கடல் சத்தம் போனுக்குள்ளும் கேட்டது.

“அக்கா, உந்த மணலுக்குக் கீழை என்ன?”

“கல்லு. வளவு முழுக்கக் கல்லுத்தான். உனக்குத் தெரியாதே? கிணறு வெட்டேக்கை வெடி வைச்சதெல்லோ.”

“ஓம். மறந்துபோனன்.” பிறகு சொன்னான்: “கல்லெண்டால் நிக்கும். சரிவெண்டால் என்ன, அதுக்குத்தானே காலிருக்கு.”

அவ்வளவுதான். வருஷக்கணக்காக எங்கள் முற்றத்தில் இருந்தது அந்த வண்டிக்கு வேண்டிய நிலம்தான். அது சரிவாக இருந்தது, ஆனால் அசையாது. சரிவைக் கால்கள் பார்த்துக்கொண்டிருக்கும். நான் அதை மூடி, அழகாக்கி, மட்டமாக்கி, நிற்க முடியாததாக்கினேன். தாளில் முதலில் இருந்தது உறுதியான என்ற சொல். நான் அதைக் குதித்துப் பார்த்து முடித்துவிட்டு, இரண்டாவது சொல்லுக்கே முழுக் கவனத்தையும் கொடுத்திருக்கிறேன். என் வேலையில் இப்படி ஒரு போத்தலை எடுத்திருந்தால் என்னை நானே மன்னித்திருக்கமாட்டேன்.

நாளைக்கு இன்னொரு இரவு இருக்கிறதே என்று சொல்ல நாக்குவரை வந்தது. சொல்லவில்லை. அவர்கள் காலையில் குறிகட்டுவானுக்குப் போகிறார்கள். அவள் களைத்திருப்பாள். ஒருமுறை கூரை சுற்றிய இடத்துக்கு அவளை மறுபடி கூப்பிடுவது எப்படி? தம்பிதான் சொன்னான், நாளைக்குப் பின்நேரம் பார்ப்போம் என்று. எங்கள் ஆட்கள் பார்ப்போம் என்றால் அது இரண்டு பக்கமும் போகும். பிறகு, நான் ஏதோ செய்யப்போகிறேன் என்று கண்டவன் போல, “தனியக் கிண்டாதேங்கோ அக்கா, நாரி, இடுப்பெல்லாம் பிடிச்சிடும்” என்றான்.

சரி என்றேன். லீவு இன்னும் ஒருநாள் இருந்தது.

ஓகஸ்ட் 7, புதன்கிழமை. விடியுமுன் எழுந்தேன். கேத்திலை வைக்கவில்லை, விளக்கும் பிறகு ஏற்றலாம் என்று விட்டேன். வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், வேலிப் பக்கக் கால் புதைந்த குழியடியில் நின்று, அதைச் சுற்றிப் பாய் அகலத்துக்கு ஒரு சதுரம் கீறி, மணலை வேலியோரம் இழுக்கத் தொடங்கினேன். மேல்மணல் ஈரம், அதற்குக் கீழே காய்ந்த மணல், அதற்கும் கீழே பழைய முற்றத்துக் கறுத்த மண். தம்பியின் பாத அடையாளம் இருந்த பக்கம் மணல் விழாமல் பார்த்துக்கொண்டேன். விடிந்து வெளிக்கும் நேரத்தில் மண்வெட்டி கல்லில் பட்டது. அந்தக் கால் ஊன்ற உறுதியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை தட்டிப் பார்த்தேன்.